கோடை மூன்று மாதம், ஒரு கிணறு: குமரி மாவட்ட வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு தண்ணீர்ச் சிக்கன வழிகாட்டி

ஐப்பசியில் எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கென்ன, ரெண்டு மழை பெய்யுது" என்று பெருமூச்சு விடுவார்கள். பேச்சு உண்மைதான். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் பிறந்தால் வடகிழக்கு. இரண்டும் நனைக்கிற மண் குமரி மாவட்டம். அதே சொந்தக்காரர்கள் பங்குனியில் வந்து பார்க்க வேண்டும். வாளி இறங்கிக்கொண்டே இருக்கும், கடைசியில் அடிமணலில் உரசுகிற சத்தம் கேட்கும்.

தை பாதியிலிருந்து கோடை மழை விழுகிற வரைக்கும் உள்ள இரண்டரை, மூன்று மாதம்தான் நம் வீட்டுத் தோட்டங்களுக்குப் பரீட்சை. கும்பப்பூ (இரண்டாம் போகம்) நெல் அறுவடையோடு அணைத் தண்ணீர் நிற்கும். கால்வாயும் குளமும் வற்றும், அவற்றை நம்பி ஊறுகிற கிணறுகளும் கூடவே இறங்கும். மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் மேடும் சரிவுமான சரளை மண். பெய்த மழை நிற்காமல் ஓடிவிடும். கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் மழையே குறைவு, காற்று வேறு. கடற்கரை ஊர்களில் மணல். ஊற்றியது கண் முன்னே மறைந்துவிடும்.

நான் தக்கலைக்குப் பக்கம் எட்டு சென்ட் விளையில் (வீட்டோடு சேர்ந்த தோட்ட நிலத்தில்) தென்னை நாலு, வாழை ஆறு மூடு, ஒரு சின்னக் காய்கறிப் பாத்தி, மொட்டைமாடியில் முப்பது தொட்டி என்று வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு கோடையைத் தாண்டியவன். குறைவாக ஊற்றிச் செடியைக் கஷ்டப்படுத்தும் யோசனை எதுவும் இதில் கிடையாது. ஊற்றுகிற தண்ணீர் வேருக்குப் போய்ச் சேர வேண்டும், அங்கேயே நாலு நாள் நிற்க வேண்டும். அதற்கு நான் செய்துபார்த்தவற்றை, செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன்.

1. முதல் வேலை: அளப்பது

பெயின்ட் வந்த 20 லிட்டர் வாளி ஒன்று வீட்டில் கிடக்கும். ஹோஸை வழக்கமாகத் திறக்கிற அளவுக்குத் திறந்து, வாளி நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று போனில் பாருங்கள். எனக்கு 75 நொடி ஆனது. அதாவது நிமிடத்துக்கு 16 லிட்டர். நான் தினமும் சாயங்காலம் 40 நிமிடம் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கணக்குப் போட்டால் 640 லிட்டர்!

வேலிக்கு அந்தப்புறம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மைனி, "தண்ணியையும் அளந்தா விடப் போற மக்களே?" என்று கேலி செய்தார். அளந்த பிறகு எனக்கே சிரிப்பு வரவில்லை.

இனி தோட்டத்துக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். நல்ல வெயில் காலத்தில் செடி அடர்ந்த பாத்தியிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது சரியாக ஒரு லிட்டர். ஆகவே சதுர மீட்டருக்கு 5 லிட்டர். என் பாத்தி 12 சதுர மீட்டர், தேவை 60 லிட்டர். ஹோஸில் நாலே நிமிடத் தண்ணீர். நான் அங்கே கால் மணி நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

காய்க்கிற தென்னைக்குக் கோடையில் நான்கு நாளுக்கு ஒரு முறை 200 லிட்டர் போதும்; நாள் கணக்கில் 50. வாழைக்கு மூடு ஒன்றுக்கு நாளுக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு அடி அகலத் தொட்டிக்கு ஒன்று, ஒன்றேகால் லிட்டர். எல்லாம் கூட்டினால் என் தோட்டத்துக்கு 390 லிட்டர்தான் வந்தது. மீதி 250 லிட்டர் தினமும் எங்கே போனது?

2. தோண்டிப் பாருங்கள்

இந்தக் கேள்விக்குப் பதில் மண்ணுக்குள் இருக்கிறது. வழக்கம்போலத் தண்ணீர் விட்டு, ஒரு மணி நேரம் கழித்து, பாத்தியின் ஓரத்தில் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் வெட்டிப் பாருங்கள். எங்கள் பாத்தியில் ஈரம் இரண்டு விரல்கடை மட்டுமே இறங்கியிருந்தது. அதற்குக் கீழே செம்மண் காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. அத்தனை தண்ணீரும் மேலே வழிந்து, நடைபாதையைத் தாண்டி, மதில் ஓரத்துப் புல்லை வளர்த்திருந்தது. புல் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது.

காரணம் எளிது. வெறும் செம்மண்ணின் மேல் ஹோஸ் தண்ணீர் வேகமாக விழும்போது மேல்மண் கலங்கி, நைந்து, சாணி மெழுகின தரைபோல இறுகிவிடும். பிறகு விழுகிறதெல்லாம் வழிந்து ஓடும். வேரும் கீழே போக ஈரம் இல்லாததால் மேலேயே படரும். அப்புறம் ஒரு நாள் தண்ணீர் விடாவிட்டாலும் செடி தலை தொங்கும்.

சரளை, செம்மண் பூமி என்றால் இரண்டு தடவையாக விடுங்கள். முதலில் மேல்மண் நனைகிற அளவுக்கு மட்டும். பத்து நிமிடம் கழித்து மிச்சத்தை மெதுவாக, வாளியும் கோப்பையுமாகவோ, ஹோஸின் முனையில் ஒரு பழந்துணியைக் கட்டித் தரையில் போட்டோ விடலாம். இப்படி ஆழமாக நனைத்தால் மறுநாள் விட வேண்டியதில்லை.

குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கரையோர ஊர்களின் மணலுக்கு இது பொருந்தாது. அங்கே தண்ணீர் இறங்குவதில் சிக்கலே இல்லை, இறங்கியது நிற்பதில்தான் சிக்கல். ஒரே நேரம் நிறைய ஊற்றினால் வேருக்குக் கீழே போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி விட வேண்டும். மக்கின எரு, தென்னை நார்க்கழிவு, அனுமதியோடு எடுத்த குளத்து வண்டல் ஆகியவற்றை வருடா வருடம் மணலில் கலந்துகொண்டே வர வேண்டும். கிணறு உப்புக் கரிக்கிற வீடுகளில் தென்னையும் சப்போட்டாவும் தாங்கும். கீரை, பயறு தாங்காது. அவற்றுக்குச் சேமித்த மழைத்தண்ணீரை ஒதுக்குங்கள்.

தண்ணீர் விட வேண்டுமா வேண்டாமா என்று தெரிய ஒரு விரல் போதும். ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் நுழையுங்கள். நுனியில் குளிர்ச்சி தட்டினால் இன்றைக்கு வேண்டாம். நடுமத்தியானம் பூசணி இலை வாடியதைப் பார்த்துப் பதறி ஓட வேண்டாம், அது வெயிலுக்குக் குடை மடக்குவதுபோல. சாயங்காலம் ஐந்து மணிக்கும் நிமிராமல் கிடந்தால்தான் தாகம்.

நேரம்? காலை எட்டு மணிக்குள். சாயங்காலமும் தப்பில்லை, ஆனால் இலை நனையக் கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இரவு முழுக்க ஈர இலையோடு நின்றால் பூஞ்சை வரும்.

3. சருகுக்குத் தீ வைப்பதை நிறுத்துங்கள்

நம் ஊரில் முற்றம் தூத்து வாருவது ஒரு மானப் பிரச்சினை. விடியற்காலை வாரியல் சத்தம் கேட்காத வீட்டைப் பற்றித் தெருவே பேசும். வாரிய சருகை மூலையில் குவித்துத் தீ வைப்போம். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். என் தோட்டத்தில் நடந்த பெரிய மாற்றம் எது என்று கேட்டால், அந்தத் தீயை அணைத்ததுதான் என்பேன். முற்றத்தை இப்போதும் தூத்துகிறோம், சருகு பாத்திக்குப் போகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படிச் சருகால் மண்ணை மூடுவதைத்தான் மூடாக்கு என்கிறோம். அதைப் போடுவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் களை எடுங்கள். அடுத்து மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு நன்றாக நனையுங்கள். காய்ந்த மண்ணின் மேல் மூடாக்கு போட்டால் நீங்கள் மூடி வைப்பது வறட்சியைத்தான். பிறகு செடிக்கு ஒரு கைப்பிடி மக்கின எரு. அதன் மேல் சருகு மூன்று, நான்கு அங்குலக் கனத்துக்கு. தண்டைச் சுற்றி மூன்று விரல் இடைவெளி கட்டாயம். தண்டோடு ஒட்டிக் கிடந்தால் அந்த இடம் அழுகும்.

எல்லாச் சருகும் ஒன்றல்ல. பலா, அயினி இலைகள் அகலமானவை. அப்படியே பரப்பினால் தட்டு அடுக்கினதுபோல ஒன்றின் மேல் ஒன்று படிந்து, ஊற்றுகிற தண்ணீரையே வெளியே தள்ளிவிடும். காலால் மிதித்து நொறுக்கி, புல்லோ மாஞ்சருகோ கலந்து போடுங்கள். தென்னோலையை ஒரு முழத் துண்டாக வெட்டிப் போட்டால் காற்றில் பறக்காது. குலை வெட்டிய வாழைத் தண்டை நெடுக்கில் பிளந்து, ஈரமான உள்பக்கம் கீழே இருக்கும்படி செடிகளுக்கு நடுவில் படுக்க வைத்தால் பத்து நாளைக்காவது அதன் அடியில் மண் குளிர்ந்திருக்கும். தூக்கிப் பார்த்தால் மண்புழு நெளியும்.

மைனிக்கு ஒரு கவலை இருந்தது. "சருகுக்குள்ள பாம்பு வந்து கெடந்தா?" நியாயமான கேள்வி. சருகு பாத்திக்குள் மட்டும் இருக்க வேண்டும். நடக்கிற வழி, கிணற்றடி, துணி துவைக்கிற கல் பக்கம் எல்லாம் வெறுந்தரையாகத் தெரிய வேண்டும். பாத்தியில் கை விடும் முன் ஒரு கம்பால் கிளறிக்கொள்ளுங்கள். நான்கு அங்குலச் சருகைவிட, மூலையில் வருடக்கணக்காகக் கிடக்கும் ஓட்டுக் குவியலும் விறகு அட்டியும்தான் பாம்புக்குப் பிடித்த இடம். கறையான் தொல்லை இருந்தால் வேப்பம் பிண்ணாக்கை மண்ணில் கலந்துவிட்டு மூடாக்கு போடலாம்.

ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும். மூடாக்கு போட்ட பாதியையும் போடாத பாதியையும் விரலால் சோதித்துப் பாருங்கள். எனக்கு முதல் வருடமே கத்தரிக்கும் வெண்டைக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் போதும் என்றாகிவிட்டது.

4. தென்னைக்குக் கதம்பை

நம் மாவட்டத்துக்கென்றே வாய்த்த சாமான் கதம்பை. வெளியூர்க்காரர்கள் தேங்காய் மட்டை என்பார்கள். தண்ணீரைப் பஞ்சுபோல இழுத்து வைத்துக்கொள்ளும், மெதுவாகத்தான் விடும். தேங்காய் உரிக்கிற இடத்தில் சொல்லி வைத்தால் கிடைக்கும்.

தென்னை மூட்டிலிருந்து (அடிமரத்திலிருந்து) ஐந்தாறு அடி தள்ளி, அரைவட்டமாக, ஒன்றரை அடி அகலம், இரண்டடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். சுற்றி முழு வட்டமும் ஒரே வருடத்தில் வெட்ட வேண்டாம், வேர் நிறைய அறுபடும். பாதி இந்த வருடம், மறு பாதி அடுத்த வருடம். கதம்பையை அடுக்கும்போது குழிந்த பக்கம் மேலே பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கிண்ணம். ஒரு அடுக்குக்கு மேல் கொஞ்சம் மண், மறுபடி ஒரு அடுக்கு, கடைசியில் ஒரு சாண் மண் போட்டு மூடுங்கள். ஒரு தென்னைக்கு 250 முதல் 300 கதம்பை பிடிக்கும். மழை தொடங்குகிற நேரத்தில் புதைத்தால், பருவம் முழுக்கக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் வேருக்குக் கொடுக்கும். ஒரு முறை புதைத்தது ஐந்து முதல் ஏழு வருடம் வரை பலன் தரும்.

புதைக்க ஆள் இல்லையா? வட்டப்பாத்தியின் மேல் பரப்பிவிடுங்கள். அப்போது மட்டும் கவிழ்த்துப் போட வேண்டும், முதுகு மேலே. மல்லாத்திப் போட்டால் மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு வளரும். புதைக்கும்போது கிண்ணம், பரப்பும்போது குடை. நான் முதல் தடவை இதை மாற்றிச் செய்துவிட்டு, ஒரு பருவம் முழுக்கக் கொசுவுக்குச் சேவை செய்தேன்.

5. அடுக்களைத் தண்ணீருக்கு ஒரு வழி

பழைய வீடுகளில் அடுக்களைக்குப் பின்னால் வாழை நிற்கும். யாரும் திட்டம் போட்டு வைத்ததில்லை, தண்ணீர் போகிற இடத்தில் வாழை வைத்தார்கள். இப்போது எல்லாத் தண்ணீரையும் குழாய் போட்டுக் கழிவுத் தொட்டிக்கு அனுப்பிவிட்டு, வாழைக்கு மோட்டார் போடுகிறோம்.

அரிசி, பயறு, காய்கறி கழுவின தண்ணீருக்கு அடுக்களையில் ஒரு வாளி வையுங்கள். எங்கள் நாலு பேர் வீட்டில் ஒரு நாளுக்கு இரண்டு வாளி சேர்கிறது. இது எந்தச் செடிக்கும் ஆகும். மீன் கழுவின தண்ணீர் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் அமிர்தம். ஆனால் மூட்டில் சின்னக் குழி பறித்து ஊற்றி, மண்ணைத் தள்ளி மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் தெருப் பூனை எல்லாம் கூடிவிடும். உப்பு போட்டு அலசின தண்ணீரும், கருவாடு ஊற வைத்த தண்ணீரும் செடிப்பக்கம் போகக் கூடாது.

குளியல் தண்ணீரை வாழை, சேம்பு, கல்வாழை ஆகியவற்றுக்கு விடலாம். குழாய் முடிகிற இடத்தில் இரண்டடிக் குழி எடுத்து, அடியில் கருங்கல் சல்லி, மேலே மணல் போட்டு, அதைச் சுற்றி வாழையை நடுங்கள். குழியில் தண்ணீர் தேங்கி நின்றால் குழி சின்னது என்று அர்த்தம். துணி துவைக்கிற இயந்திரத்தின் முதல் தண்ணீர், பிளீச்சிங் பவுடர், கழிப்பறை கழுவும் திரவம் கலந்தது எதுவும் வேண்டாம். சோப்புத்தூளில் உள்ள உப்பு மண்ணை இறுக்கிவிடும், பிறகு நல்ல தண்ணீரும் இறங்காது. பச்சையாகச் சாப்பிடுகிற கீரை, மல்லி, புதினாவுக்குக் குளியல் தண்ணீர் கண்டிப்பாகக் கூடாது. எந்தக் கழுவல் தண்ணீரையும் மறுநாள் வரை வைக்காதீர்கள், நாறும்.

என் கணக்கில் ஆறு வாழை மூட்டுக்கு வேண்டிய 90 லிட்டரும் இப்போது இந்த வழியில்தான் வருகிறது. கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது.

6. பானையைப் புதைப்பது

பாவக்காய், புடலை, தடியங்காய் போன்ற கொடிகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பளபளப்புப் பூசாத சாதாரண மண்பானை, ஐந்து லிட்டர் அளவு. வாங்கும்போது சோதிக்க முடியாது. வீட்டுக்கு வந்து தண்ணீர் நிரப்பிக் காய்ந்த தரையில் ஒரு இரவு வையுங்கள். காலையில் வெளிப்புறம் வியர்த்து, அடியில் ஈரத்தடம் இருந்தால் நல்ல பானை.

கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைத்து, சுற்றி ஒரு சாண் தள்ளி நாலு விதை ஊன்றுங்கள். முளைத்து வரும்வரை மேலேயும் கொஞ்சம் தெளிக்க வேண்டும். அப்புறம் வேர் தானாகப் பானையைத் தேடிப் போகும். மண் காயும்போது பானை கசியும், ஈரமாக இருக்கும்போது கசிவு குறையும். வேருக்கு வேண்டியதை வேரே கேட்டு வாங்கிக்கொள்ளும். எங்கள் மண்ணில் மூன்று நாளுக்கு ஒரு தடவை நிரப்புகிறேன். மணல் பூமியில் சீக்கிரம் தீரும்.

வாயை மூட வேண்டும், கொசுவுக்காகவும் ஆவியாகாமல் இருக்கவும். ஒரு பெரிய சிரட்டை கச்சிதமாகப் பொருந்தும். ஒரு பருவம் முடிந்ததும் பானையைத் தோண்டி எடுத்து, தேங்காய் நாரால் உள்ளும் புறமும் தேய்த்துக் காய வையுங்கள். தண்ணீரில் உள்ள உப்பு படிந்து துளைகள் அடைத்துக்கொள்ளும். ஒரு முறை சோம்பலில் விட்டுவிட்டேன், அடுத்த வருடம் பானை தண்ணீரைக் கொடுக்கவே மறுத்துவிட்டது.

7. சொட்டுநீர்

சொட்டுநீர் நல்லதுதான், ஆனால் பத்துப் பதினைந்து செடிக்கு அவசியமில்லை. முப்பது தொட்டிக்கு மேல் இருந்தாலோ, அடிக்கடி வெளியூர் போகிறவராக இருந்தாலோ போடுங்கள். மணிக்கு 2 லிட்டர் விடும் சொட்டுவான் தொட்டிக்கும், 4 லிட்டர் விடுவது பாத்திச் செடிக்கும் சரியாக இருக்கும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கீழே விட்டால் மோட்டாரே வேண்டாம், அந்த உயரத்து அழுத்தம் சிறு தோட்டத்துக்குப் போதும்.

நான் ஒரு கடையில் வாங்கிய செட்டில் வடிகட்டியே இல்லை; கேட்டபோது "கிணத்துத் தண்ணிக்கு எதுக்கு?" என்றார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் துரு உண்டு. இரண்டே மாதத்தில் பாதிச் சொட்டுவான்கள் செம்மண் நிறத்தில் அடைத்துக்கொண்டன. எந்தச் செடி முதலில் வாடியதோ அதை வைத்துத்தான் அடைப்பையே கண்டுபிடித்தேன். வடிகட்டி இல்லாமல் போடாதீர்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை குழாயின் கடைசி மூடியைத் திறந்து தண்ணீரை வேகமாக ஓட விடுங்கள். அணில் கடித்த ஓட்டைக்குச் சைக்கிள் டியூப் துண்டு போதும்.

8. மொட்டைமாடி

மாடித் தொட்டிக்குத் தாகம் அதிகம். மேலே வெயில், கீழே கொதிக்கிற காங்கிரீட், நாலு பக்கமும் காற்று. தொட்டிகளை வரிசையாகக் கைப்பிடிச் சுவரோரம் அலங்காரமாக நிறுத்துவதைவிட, நெருக்கி ஒரு கூட்டமாக வைப்பது மேல். ஒன்றுக்கொன்று நிழல் கொடுக்கும். பெரிய இலைச் செடிகள் மேற்குப் பக்கம், கீரையும் நாற்றும் கிழக்குப் பக்கம். அடியில் செங்கலோ பலகையோ வைத்துத் தரைச்சூட்டிலிருந்து தூக்குங்கள். மாசி, பங்குனி, சித்திரைக்கு மட்டும் 50 சதவீத நிழல்வலை.

மண் கலவைக்கு மண், மக்கின எரு, நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும், அதில் உப்பும் கறையும் இருக்கும். நார்க்கழிவு ஒரு முறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உடனே உறிஞ்சாது. ஊற்றியது ஓரமாக வழிந்து அடியில் வந்துவிடும், நாமும் நிறைய விட்டோம் என்று நினைத்துக்கொள்வோம். அப்படி ஆன தொட்டியை ஒரு அகலப் பாத்திரத் தண்ணீரில் அரை மணி நேரம் நிறுத்தி, அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள்.

9. நிழல், காற்று

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் விளையின் மேற்கு மூலையில் நின்ற பெரிய அயினியைச் சாய்த்துவிட்டுப் போனது. மாவட்டம் முழுக்கவே மரங்கள் படுத்துக் கிடந்த நேரம், ஒரு மரத்துக்காக யாரிடம் போய் வருத்தப்படுவது? ஆனால் அடுத்த கோடையில்தான் அந்த மரம் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று புரிந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் பாத்திக்கு நிழல் விழும். அது போனதும், அதே பாத்தி, அதே மூடாக்கு, ஆனால் விரல் சோதனையில் ஒரு நாள் முன்னதாகவே மண் காய்ந்தது.

அதனால் மேற்கு வெயிலைத் தடுக்க ஏதாவது ஒன்று வையுங்கள். அயினிக்குக் காத்திருக்க முடியாது. அகத்தி வேகமாக வளரும், நிழலும் மெல்லியது. கம்பிப் பந்தலில் கோவையோ அவரையோ ஏற்றினாலும் போதும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், காற்றாலை சுற்றுகிற காற்று செடியின் ஈரத்தையும் எடுத்துக்கொண்டுதான் போகும். காற்று வரும் திசையில் செம்பருத்தியை நெருக்கி நட்டு வேலியாக்குங்கள். கெட்டிச் சுவர் கட்டினால் காற்று அதைத் தாண்டி உள்ளே சுழலும். உயிர்வேலி வடிகட்டி அனுப்பும்.

10. எதை எப்போது நடுவது

வயலுக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று கணக்கு வைத்திருக்கிற நாம், வீட்டுப் பாத்தியில் மட்டும் நினைத்தபோது நடுகிறோம். முட்டைக்கோசு, காலிஃபிளவர் ஆசையெல்லாம் மழை ஓய்கிற கார்த்திகை, மார்கழியில் தீர்த்துக்கொள்ளுங்கள். மாசியில் புது நாற்று நடாதீர்கள். சின்ன வேருக்குத்தான் தினமும் தண்ணீர் வேண்டும். தை பிறக்கும்போதே வேர் பிடித்த கத்தரி, வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு கோடையைத் தாங்கும். முருங்கை, கறிவேப்பிலை, தவசிக்கீரை ஆகியவற்றுக்கு வாரம் ஒரு முறை போதும்.

நம் பெரியவர்கள் மாசியில் சேனை நடுவதைக் கவனித்திருப்பீர்கள். காய்ந்த மண்ணில் குழி எடுத்து, சருகும் சாணியும் போட்டு, கிழங்கை வைத்து மூடிவிடுவார்கள், தண்ணீரே விட மாட்டார்கள். கிழங்கு தன் ஈரத்திலேயே உறங்கிக் கிடந்து, கோடை மழைக்கு முளை விடும். எட்டு சென்டில் ஒரு ஓரத்தைச் சேனைக்கும் மரச்சீனிக்கும் (மரவள்ளி) காய்ச்சில் கிழங்குக்கும் விட்டுவிட்டால் அந்த ஓரத்துக்கு மோட்டார் போட வேண்டியதே இல்லை.

11. மழையைக் கிணற்றுக்கு அனுப்புங்கள்

தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். பல வீடுகளில் குழாய் இருக்கிறது, அது தெருவை நோக்கிப் போகிறது. 1000 சதுர அடி மாடி என்றால் 93 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் மழைக்கு 1860 லிட்டர் விழும். சிந்தியது சிதறியது போக 1500 லிட்டர் கைக்கு வரும். நம் ஊரில் இடி மழை ஒன்று சரியாகப் பெய்தால் ஒரு மணி நேரத்து வேலை அது.

கிணற்றிலிருந்து சில அடி தள்ளி, மூன்றடி நீளம், அகலம், ஆழத்துக்கு ஒரு தொட்டி. அடியில் பெரிய கல், அதன் மேல் சல்லி, மேலே ஆற்றுமணல். மாடித் தண்ணீர் இதில் விழுந்து வடிந்து, அடியிலிருந்து ஒரு குழாய் வழியாகக் கிணற்றுக்குப் போக வேண்டும். வடிகட்டாத தண்ணீரைக் குடிக்கிற கிணற்றில் நேராக விடாதீர்கள். கழிவுத் தொட்டி இருக்கும் பக்கத்தில் இந்த வேலையே வேண்டாம். மாடியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு கிளை வைத்து மூடி போட்டுக்கொள்ளுங்கள். கோடைக்குப் பிறகு வரும் முதல் மழையில் பறவை எச்சமும் தூசியும் வரும், அதைக் கிளை வழியாக வெளியே விட்டுவிட்டுப் பிறகு மூடியைப் போடலாம். மணலை வருடம் ஒரு முறை அள்ளிக் கழுவிப் போட வேண்டும்.

முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்தவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் மதில் ஓரமாக ஒன்றரை அடி அகலம் மட்டும் மண்ணாக விட்டு, சரிவின் கீழ்ப்பக்கம் ஒரு குழி எடுத்துக் கதம்பையை நிரப்பி வையுங்கள். சரிவான விளை என்றால் சரிவுக்குக் குறுக்கே இரண்டு வரப்பு. ஓடுகிற தண்ணீரைக் கொஞ்சம் உட்கார வைத்தால் போதும், மீதியை மண் பார்த்துக்கொள்ளும்.

12. இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) வந்ததும்

வைகாசி பாதியில் வானம் இருட்டத் தொடங்கினால் கோடை ஏற்பாடுகளைத் திருப்பிப் போட வேண்டும். நிழல்வலையைக் கழற்றுங்கள். மூடாக்கை ஒரு அங்குலமாகக் குறையுங்கள். ஈரச் சருகுக்குள் நத்தை குடியேறி ஒரே இரவில் நாற்றுகளைத் தீர்த்துவிடும். எடுத்த சருகை உரக்குழியில் போடலாம். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டுகளைக் கவிழ்த்து வையுங்கள், தண்ணீர் பிடித்து வைத்த டிரம்களின் வாயைத் துணி கட்டி மூடுங்கள், வாரம் ஒரு முறை காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். டெங்குக் கொசு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கிற அளவுக்கு வந்துவிடும்.

வாழை மூட்டுக்குப் போகிற குளியல் தண்ணீர்க் குழாயை மட்டும் மழைக்காலத்தில் பழையபடி கழிவுத் தொட்டிக்குத் திருப்பிவிடுங்கள். போன வருடம் நான் மறந்துபோய், மழையும் குளியலும் சேர்ந்து இரண்டு மட்டி வாழை கிழங்கழுகிச் சாய்ந்தன. குழாயில் ஒரு சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன், இந்த வருடம் மறக்கக் கூடாது.